கடைசி ட்யூப்

"எங்கே அந்த ஜால்ரா?"

பக்கத்து மேசைக்காரி கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"டைரக்டர் ரூமுக்குப் போயாச்சு," என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"இன்னிக்குமா? கூட நின்னு நேரம் பார்த்துச் சொல்றேன்னு நேத்துதானே வாக்குக் கொடுத்தாரு அக்கா!"

"ஒரு சின்ன வேலை, முடிச்சுட்டு வந்துடறேன்னார்."

"அவருக்கு என்ன வேலை? டைரக்டர் தும்மினா இவர் மூக்கைத் துடைச்சுக்குவார். அதான் வேலை."

ஆராய்ச்சிக்காரி தன் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கையில் கடைசி ட்யூப் இருந்தது.

உள்ளே ஒரு புரதம். மனித உடம்பில் நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் பூட்டு மாதிரி உட்கார்ந்திருப்பது. ஏற்பி என்பார்கள். ஆராய்ச்சிக்கென்றே அதை வேறு செல்லில் வளர்த்து, உலர்த்தி விற்கிறார்கள். அந்தப் பூட்டுக்குச் சேரும் சாவி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சேர்ந்தால் மஞ்சள் நிறம் வரும். இதுவரை வரவில்லை.

வாங்கியது மூன்று ட்யூப். இரண்டு போய்விட்டது.

போனது பேச்சால். குழிகுழியாக இருக்கும் தட்டில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எல்லாம் தண்ணீர் நிறம். நடுவில் யாராவது வாயைக் கொடுத்தால், எந்தக் குழி வரை விட்டோம் என்பது மறந்துபோகும். ஒன்றில் இரண்டு தடவை, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. தட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். புரதமோ கரைத்தால் கரைத்ததுதான். மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கதையெல்லாம் கிடையாது.

முதல் தட்டின்போது டைரக்டர் வந்து, "அப்பாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்று விசாரித்தார். இரண்டாவதின்போது ஜால்ரா வந்து, வீட்டுக் குழாய் ஒழுகிய புராணத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

இதுவும் போனால் இந்த வேலையையே மூடிவிடு என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"அக்கா, ட்யூப் காலியா இருக்கே!" பக்கத்து மேசைக்காரியின் ஆராய்ச்சி பூஞ்சையில், புரதமெல்லாம் அவளுக்குப் புதுசு.

"மாமியார் கோபம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்."

கரைத்தாள். சொட்டு விடும் பிப்பெட்டை எடுத்தாள். முதல் வரிசை முடிந்தது.

பக்கத்து மேசைக்காரி வெளியே போய்விட்டு வந்தாள்.

"சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேக்குதுக்கா. ஜால்ரா தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்."

"ஷ்ஷ்."

"நீங்க இங்கே உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, அங்கே அந்த மனுஷன்..."

"ஷ்ஷ்! எண்ணிக்கிட்டிருக்கேன்டி!"

அவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு போய் வாசலில் நின்றாள்.

அதற்கப்புறம் யாரும் வரவில்லை. ஊற வைத்தாள், கழுவினாள், மறுபடி ஊற வைத்தாள். அதிசயமாக, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மதியம், நிறம் காட்டும் கடைசி மருந்தை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, கண்ணைத் திறங்க."

"நீயே சொல்லு."

"திறங்கக்கா!"

வர வேண்டிய வரிசையில் பளீரென்று மஞ்சள். வரக் கூடாத வரிசையில் வெறும் தண்ணீர்.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

"தட்டு! தட்டு! கீழே போட்டுடாதீங்க!"

ஆராய்ச்சிக்காரி தட்டை மூடி எடுத்துக்கொண்டாள்.

"டைரக்டர்கிட்டே காட்டிட்டு வரேன். அப்படியே அந்த ஜால்ராவையும் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

கேட்க வேண்டியவர் நடையிலேயே எதிரே வந்தார். தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாவது..."

"மஞ்சள் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். "அந்த மனுஷன் மறுபடி முட்டிவலி விசாரிக்க வந்துட்டா என்னம்மா பண்றது? அதான் ரூமை விட்டு அவரை நகர விடல. எங்கேயோ பனியில வழி தவறிப்போனாராம். அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் புதுசா சிரிச்சேன். தாடை கழண்டுபோச்சு."

நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டு, தட்டை அவருக்குத் திறந்து காட்டினாள்.

"போம்மா, போய்க் காட்டு. தங்கமான மனுஷன். பேச விட்டாத்தான் ஆபத்து."

டைரக்டர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுந்து நின்று கைதட்டினார். "சபாஷ்" என்று வாயசைந்தது, காற்றுதான் வந்தது.

"என்ன சார், தொண்டை கட்டியிருக்கு?"

அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் காற்றுக் குரலில் கேட்டார்.

"போயிட்டானா?"

"யாரு சார்?"

"அவன்தான். பேசிப் பேசியே போன தட்டைக் கெடுத்தானே! இன்னிக்கு உன் பக்கம் வந்துடக் கூடாதேன்னு காலையிலேர்ந்து இங்கேயே பிடிச்சு வெச்சிருந்தேன். எனக்குத் தெரிஞ்சது ஒரே கதை, அதையே குரல் போற வரைக்கும் சொன்னேன். அந்தக் கதவைச் சாத்தும்மா, திரும்பி வந்துடப் போறான்!"