மரிய செல்வம் சார் வாசிக்க வைத்தது

மைக்கைக் கையில் வாங்கியதும் வெற்றிச்செல்வி முன்வரிசையைப் பார்த்தாள்.

வரதராசன்பேட்டை மாதா கோயில் ஹாலில், முன்வரிசையில் மரிய செல்வம் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் தொடங்கி நடத்திய இசைக்குழுவுக்கு இன்று வெள்ளிவிழா. சென்னையில் பெரிய இசைக்குழுக்களுக்கு இசை எழுதும் வெற்றிச்செல்வியைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள்.

அரியலூரில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் மரிய செல்வம். வாரம் முழுக்கக் கடை. ஞாயிறு பூசை முடிந்ததும் இந்த ஹால். நாலைந்து வயலின், கிளாரினெட், திருச்சியில் வாங்கிய பழைய செல்லோ ஒன்று. வாசித்தவர்கள் டீச்சர்கள், நர்சுகள், சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. அவருக்கும்தான்.

வெற்றிச்செல்வி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சிறுவாச்சூரிலிருந்து வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி வருவாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி பெட்டிமேல் படிந்திருக்கும். ஹாலுக்குள் நுழைந்ததும் மரிய செல்வம் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவார்.

ஒரு ஞாயிறு, தானே எழுதிய இசையை அவரிடம் நீட்டினாள்.

அதில் பாடிப் பார்க்க மெட்டு என்று எதுவும் கிடையாது. வயலின்கள் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும். மற்றவை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு வந்து சேரும். முதல் நாளே கிளாரினெட் ஜான் பீட்டர், இன்னும் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் பாதிப் பேர் வரவில்லை.

மரிய செல்வம் பைக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பேசி அழைத்து வந்தார். தவக்காலம் முழுக்க அதையே வாசிக்க வைத்தார்.

ஈஸ்டர் கழிந்து மேடையேறியது. நடுவிலேயே சிலர் டீ குடிக்க எழுந்து போனார்கள். கையசைத்துக் குழுவை நடத்திக்கொண்டிருந்த மரிய செல்வம், நாற்காலி நகரும் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிச் சுரம் அடங்கும்வரை கையை இறக்காமல் நின்றார்.

இதையெல்லாம் வெற்றிச்செல்வி மைக்கில் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இது இசையே இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தன் இசையைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் அரியலூரில் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் விடாமல் எழுதியதாகச் சொன்னாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

மரிய செல்வம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து, அவள் காரில் ஏறப் போகும்போது பின்னாலேயே வந்தார். கார் கதவருகே நின்றார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"நீ அவ்வளவு பேசுனப்புறம் மறைக்கக் கூடாதும்மா. அது எனக்குப் புரியவே இல்ல. பிடிக்கவும் இல்ல."

வெற்றிச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஏன் அத்தனை வாரம் பாடுபட்டீர்கள் என்று கேட்டாள்.

இது ஒரு கேள்வியா என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார்.

"எழுதுன புள்ள அத ஒரு தடவையாச்சும் காதால கேக்க வேணாமா?"

அன்று அந்த ஹாலில் அந்த இசையைக் கேட்க ஆசைப்பட்டது அவள் ஒருத்திதான். அது தெரிந்தேதான் அத்தனை பேரையும் வாசிக்க வைத்திருக்கிறார்.

மேடையில் சொன்ன நன்றி வேறு யாருக்கோ சொன்னது போலிருந்தது.

வெற்றிச்செல்வி திறந்த கார் கதவைச் சாத்தினாள். நன்றியை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.