அறுநூற்றுப் பதினேழு இலக்கங்கள்

"ட்ரில்தான் குரு, நெருப்பெல்லாம் இல்ல!"

அபாய மணி அலறியதும் வைட்ஃபீல்ட் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியே படிக்கட்டுப் பக்கம் கிளம்பியது. சிரித்தபடி எழுந்த ஹரிஷைத் தோளில் கைவைத்து உட்கார வைத்தான் ரகுராம்.

"எல்லாரும் போகட்டும். நீ இதைப் பாரு."

லேப்டாப் திரை முழுக்க ஒரே எண். அறுநூற்றுப் பதினேழு இலக்கங்கள்.

"எங்கேர்ந்து பிடிச்சே இதை?"

"சஹானா லேப்டாப்ல. தினம் யாருக்கோ எழுதறா. எல்லாத்தையும் இந்த நம்பரால பூட்டித்தான் அனுப்பறா."

"சொந்தப் பொண்டாட்டியை வேவு பாக்கிறியா? தூ!"

"எனக்கு அவ அனுப்பறது 'தயிர் வாங்கிட்டு வா'. அதை யாரும் பூட்டறதில்ல மச்சி."

வங்கிகளின் ரகசியப் பூட்டுகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் இருவருக்கும் வேலை. ப்ரைம் எனப்படும் பகா எண்களில் இரண்டு பெரிதாக எடுத்துப் பெருக்கினால் பூட்டு தயார். அந்த இரண்டும் தெரிந்தவனால் மட்டுமே திறக்க முடியும். அதாவது, இந்த எண்ணுக்குச் சொந்தக்காரன் எவனோ, அவனுக்காகத்தான் சஹானா திரையைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள். கல்யாணமான புதிதில் ரகுராமுக்குக் கிடைத்த அதே சிரிப்பு.

"உடைச்சுக் கொடு ஹரிஷ். இந்த டீம்ல உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

ஹரிஷ் எண்ணை மேலும் கீழும் பார்த்தான். கை கீபோர்டுக்குப் போகவில்லை.

"முடியாதுடா. உலகத்துல இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரையும் ஓட்டினாலும் நம்ம ஆயுசு பத்தாது."

"சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாரேன்."

"பாத்தாலே தெரியுது மச்சி, கெட்டிப் பூட்டு. பொறாமைல குடும்பத்தைக் கெடுத்துக்காதே. வீட்டுக்குப் போய் அவகிட்ட அன்பா நாலு வார்த்தை பேசு."

மணி நின்றது. கீழே போனவர்கள் கையில் காபியுடன் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரகுராம் லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

"நேத்தே உடைச்சிட்டேன் ஹரிஷ். எல்லாத்தையும் படிச்சேன். நம்ம டீம் ஆள்னு புரிஞ்சுது, ஆனா அவன் பேரு மட்டும் எங்கயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட..."

"ரெண்டு ப்ரைமும் ரொம்பக் கிட்டக் கிட்ட இருக்கிற நம்பர், உடைக்கிறது சுலபம். காலையிலேர்ந்து புதிர்னு சொல்லி டீம்ல அத்தனை பேருக்கும் கொடுத்தேன். போன வாரம் சேர்ந்த பிரபாகூட டீ ஆறுறதுக்குள்ள உடைச்சிட்டா. முடியாதுன்னு சொன்ன ஒரே ஆள் நீதான்."