நடு மடிப்பு

மாலை வகுப்பில் எங்களுக்குப் படம் வரையச் சொல்லித்தரும் சார், பல வருடங்களாகக் குழந்தைகளின் படக்கதைப் புத்தகங்களுக்கு வரைபவர். நடு மடிப்பில் முகம் வரையக் கூடாது, புத்தகம் தைக்கும்போது உள்ளே போய்விடும் என்பது அவருடைய முதல் பாடம். தன் முதல் புத்தகத்தில், தனக்கும் மனைவிக்கும் நடுவே மகளை அங்கேதான் வரைந்தாராம். "அச்சாகி வந்தப்ப நானும் அவ அம்மாவும்தான் மிச்சம்" என்றார். அந்த மகளை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நேற்று மாடலாக உட்கார என் தங்கையைக் கூட்டிப்போனேன். சார் அவள் முகத்தைச் சரியாகத் தாளின் நடு மடிப்பு விழும் இடத்தில் வரைந்தார்.

"சார், மடிப்புல வருதே."

"தெரியும்மா. என் பொண்ணுக்கும் ஒரு துணை வேணாமா?"

வகுப்பே சிரித்தது. விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார், எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் சந்தேகம். இருந்தாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிவந்து, மடங்காமல் என் மெத்தைக்கு அடியில் விரித்து வைத்தேன்.

"பாத்துப் படு, அக்கா. கசங்குச்சுன்னா என் மூக்கு போச்சு" என்றாள் தங்கை.

காலையில் மெத்தையைத் தூக்கினேன். தாள் நடுவில் நகத்தால் அழுத்தி மடிக்கப்பட்டிருந்தது.

தங்கை பல் தேய்க்கப் போயிருக்கிறாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. பல முறை கூப்பிட்டுவிட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறந்துவிடும். எனக்குத்தான் கை வரவில்லை.