பழைய கோர்ட்டில் ஒரு சுற்று

வெள்ளைக்காரர்கள் கட்டிய கோர்ட், இப்போது மியூசியம். அவனும் அவளும் வழிகாட்டியோடு மாடியேறினார்கள்.

"மெதுவா ஏறுங்க, வழுக்கும்," என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும். நீ உன் கண்ணாடியைத் தேடு."

"தலையிலதான் மாட்டியிருக்கேன். அது தெரியாத உங்களுக்குத்தான் கண்ணாடி வேணும்."

நீதிபதியின் நாற்காலி முன்னே நின்றதும் வழிகாட்டி சிரித்தபடி கேட்டார்: "கல்யாணமாகி எத்தனை வருஷங்க?"

"விவாகரத்தாகி ஆறு வருஷம்," என்றான் அவன். "இதே ஹால்லதான் தீர்ப்பு. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்னு இவதான் போன் பண்ணினா."

வழிகாட்டி சட்டென்று சாட்சிக் கூண்டின் பக்கம் கை காட்டினார்.

சாட்சிக் கூண்டைத் தடவியபடி அவள் கேட்டாள்: "எதிர்ல கல்யாணப் பதிவு ஆபீஸ் இருந்துச்சே, அதையும் மியூசியமாக்கிட்டீங்களா?"

"இல்லீங்க, அது நடந்துக்கிட்டுதான் இருக்கு."

அவன் அவசரமாகப் படியை நோக்கித் திரும்பினான்.

"வா, அதையும் மியூசியமாக்குறதுக்குள்ள போயிடலாம்."