குப்பைமேனிப் பூச்சு

அப்புத்தளைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் மருமகள் பேச்சாயி, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுக் குப்பைமேனி இலை பறித்தாள்.

“யாருக்குடி கரப்பான்?” என்றாள் தண்ணீருக்கு நின்ற கொழுந்துக்காரி மருதாயி.

“எனக்குத்தாங்க்கா. மஞ்சளோட அரைச்சுப் பூசணும்.”

“அப்ப இங்க தண்ணி புடிக்காத. எங்களுக்கும் ஒட்டிக்கும்!”

பேச்சாயி வெறுங்குடத்தோடு வீடு திரும்பினாள். கதவைச் சாத்தினாள், இலையை அரைத்தாள்.

“மாமா, கோட்டைக் கழட்டுங்க.”

கங்காணி புண்ணான கைகளை நீட்டினார். “யாரும் பாக்கலையே? நம்ம வீட்டு மானம் போயிடும். ஏம்மா, குடம் ஏன் காலியா இருக்கு?”

அவள் தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள்.

மறுநாள் காலை வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு, கோட்டில்லாமல் ஒருநாளும் வராத கங்காணி, கை முழுக்கப் பச்சைப் பூச்சோடு வந்து நின்றார்.

“மருதாயி, உன் கொழுந்துக் கூடையைத் தினமும் தொட்டுப் பாக்கிறது இந்தக் கைதான். உனக்கு ஒட்டுச்சா?”