பின்சக்கரத்தை ஒட்டி

நசீம் திரும்பிப் பார்த்தான். அண்ணன் ஷபீரின் சைக்கிள் இன்னும் அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது.

முந்துவதற்கு இடமிருந்தது. முந்தவில்லை.

நீச்சலிலும் இதே கதைதான். மீன்கரை அணைத் தண்ணீரில் நசீம் கை வீசிய நேரமெல்லாம் பின்னாலிருந்து ஒரு விரல் அவன் பாதத்தைத் தொட்டுத் தொட்டு வந்தது. காலை உதறிப் பார்த்தான். போன விரல் திரும்ப வந்தது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டிய இந்தப் போட்டிக்கு வர அவனுக்கு இஷ்டமே இல்லை. வாரம் முழுக்கப் பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் வண்டி ஓட்டி, கடைக்கு மூட்டை இறக்கி, இரண்டு காலும் நனைந்த சாக்கு மாதிரி கனத்துக் கிடந்தன. போட்டி, பதக்கம் எல்லாம் ஷபீரின் பைத்தியம். சில மாதங்களாகக் கடை வண்டியின் சாவியைத் தொடாமல் கல்லாவிலேயே உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் எப்படி நோகும்?

"நீயும் வாடா. தனியாப் போக என்னமோ மாதிரி இருக்கு" என்று ஷபீர் கூப்பிட்டபோதே நசீமுக்கு உறுத்தியது. எப்போதும் தனியாகப் போய், தனியாக ஜெயித்து வருகிறவன். இப்போது மட்டும் எதற்குத் துணை?

முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே சாலை வெயிலும் நிழலுமாக மாறி மாறி வந்தது. நிழலுக்குள் நுழையும்போதெல்லாம் ஷபீர் இன்னும் நெருங்கினான். பைக்கில் வந்த நடுவர் விசிலடித்து, இடைவெளி விடச் சொல்லிக் கையைக் காட்டினார். ஷபீர் தலையாட்டிப் பின்வாங்கினான். பைக் வளைவில் மறைந்ததும் பழையபடி ஒட்டிக்கொண்டான்.

நசீமுக்குப் புரிந்துவிட்டது.

பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை இப்படித்தான். மைதானம் முழுக்க இவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கியே வந்து, கடைசியில் கயிறு தெரிந்ததும் பாய்ந்து முந்தினான் ஷபீர். "முன்னாடி போறவன்தாண்டா காத்தைக் கிழிக்கணும்" என்று அத்தாவை வைத்துக்கொண்டே சிரித்தான்.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்தபோது முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஏதாவது மாமர நிழலில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. பின்னால் அந்தக் காலடிச் சத்தம் மட்டும் இல்லையென்றால் உட்கார்ந்தே இருப்பான்.

நசீம் வேகத்தைக் குறைத்தான். காலடியும் குறைந்தது.

கூட்டினான். அதுவும் கூடியது.

குனிந்து, அவிழாத நாடாவை அவிழ்த்துக் கட்டினான். ஷபீர் பக்கத்திலேயே நின்றான்.

"நீ போயேண்ணே."

"சாரமில்ல, பரவால்ல. சேர்ந்தே போலாம்."

ஷபீர் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பார்வை நசீமின் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தது. முகம் பார்த்துப் பொய் சொல்ல வராதவன் அப்படித்தான் பார்ப்பான் என்று நசீம் நினைத்துக்கொண்டான்.

அணைக்கரை ஏறியதும் முடிவுக்கோட்டுப் பந்தல் தெரிந்தது. செண்டைச் சத்தம், கைதட்டல், ஒலிபெருக்கி. இனி எந்த நேரமும் பாய்வான்.

நசீம் முதலில் பாய்ந்தான்.

அந்தக் கால்களுக்கு எங்கிருந்து வலு வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. "நசீமே!" என்று பின்னால் ஷபீர் கூப்பிட்டான். ஏமாந்தவனின் குரல். நசீம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். காலடிச் சத்தம் தேய்ந்து, நின்றே போனது.

கோட்டைத் தாண்டினான். இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்கியபடி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அண்ணன் தோற்று வருவதைப் பார்க்கத் திரும்பினான்.

ஷபீர் வரவில்லை.

நடுச்சாலையில், நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளும் கொஞ்சம் முன்னால் நீண்டிருந்தன. ஓடி வந்தவர்கள் அவனை இடித்துவிட்டு, திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள். இடித்தவர்கள் பக்கமெல்லாம் ஷபீர் முகத்தைத் திருப்பினான்.

ஒலிபெருக்கியில் நசீமின் பெயரைச் சொன்னார்கள்.

ஷபீரின் முகம் சட்டென்று தெளிந்தது. பெயர் வந்த பக்கமாகத் திரும்பி, விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினான். ஒலிபெருக்கி கட்டியிருந்த கம்பம் பந்தலில் இல்லை. சாலையை விட்டு விலகி, அணைத் தண்ணீருக்குப் படி இறங்கும் இடத்தில் இருந்தது.

நசீம் வந்த வழியே திரும்ப ஓடினான்.

"அண்ணே, நில்லு! அங்க படி!"

குரல் கேட்ட இடத்திலேயே ஷபீர் நின்றான். நசீம் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தான். ஷபீர் அந்தக் கையைத் தடவி, மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டான்.

"எத்தனை நாளாண்ணே கண்ணு சரியாத் தெரியல?"

"ஊட்ல சொல்லிடாதே" என்றான் ஷபீர். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்:

"கோடு எந்தப் பக்கம்?"