பிழையில்லாத தாள்

“தட்டச்சில் பக்கத்துக்குப் பத்துப் பிழை” என்று மேலாளர் சக்கரவர்த்தி சொல்லச் சொல்ல, ஜெயசெல்வி அதை அடித்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பற்றிய அறிக்கைதான். அவள் கையாலேயே அடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

இந்த மாதிரி அறிக்கையை அதிகாரி தனியாக உட்கார்ந்து, தானே எழுதி, உறையை ஒட்டி அனுப்புவதுதான் முறை. சக்கரவர்த்திக்கு முறையா முக்கியம்? மலை மேலிருந்த அந்தப் புளிக் கொள்முதல் ஆபீஸில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். புளி விற்க வாசலில் மூட்டையோடு காத்திருந்த மங்கம்மாள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

மாதக் கடைசியோடு ஜெயசெல்விக்கு இரண்டு வருடத் தகுதிகாண் காலம் முடிகிறது. இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வேலூர் தலைமை அலுவலகம் அவளை நிரந்தரமாக்கும், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பும். கண்ணமங்கலத்தில் அம்மா மார்த்தாளிடம், இனிமேல் கடலைக்கொல்லைக்குக் கூலிக்குப் போகவே கூடாது என்று முதல் மாதமே சத்தியம் வாங்கியிருந்தாள், பாவம்.

சக்கரவர்த்திக்கு அவள்மேல் தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது. சேரியில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் தன் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்காருகிறாளே, அதுதான். முன்பெல்லாம் இப்படியா இருந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார். இந்த எழுபத்தெட்டாம் வருடத்தில் பியூன்கூட அவளை வாங்க, போங்க என்கிறான் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

அவள் நீட்டும் தாளைக் கைக்குக் கை வாங்க மாட்டார். பியூன் பஞ்சாட்சரம் அதை வாங்கி, மூன்றடி நடந்து அவரிடம் கொடுக்க வேண்டும்.

போன வருடம் இன்னொரு உத்தரவும் போட்டார். எந்தக் கடிதமானாலும் அடியில் அவள் பெயரை முழுசாக அடிக்க வேண்டும். தப்பு யாருடையது என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். ஆபீஸுக்கே அவள் ஒருத்திதான் டைப்பிஸ்ட்.

அடித்து முடித்தாள். தாள் மூன்றடி நடந்து போயிற்று. சிவப்புப் பென்சில் வெளியே வந்தது.

ஓர் இடத்தில் எழுத்தின்மேல் எழுத்து விழுந்திருந்தது. அதற்கு ஒரு வட்டம். கீழே ஒரு வரி கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கும் ஒன்று. தாளைத் தரையில் விட்டெறிந்தார்.

“இன்னா இது? இந்த லட்சணத்துல வேலூருக்குப் போனா ஆபீஸ் மானம் இன்னாவறது? மறுபடியும் அடி.”

ஜெயசெல்விக்கு அழுகை வந்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை இரண்டாவது தரமும் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வராது? எதையோ தப்பும் தவறுமாக அடித்துப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

புதுத் தாளைச் செருகினாள். கார்பனை நேராக்கினாள்.

பிறகு ஏனோ கை நின்றது. தரையில் கிடந்த தாளின் சிவப்பு வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரவர்த்தியை ஒரு தரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் அடித்ததைப் பார்த்திருக்க வேண்டும். தட்டச்சுப் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய அன்றுகூட அப்படி அடித்திருக்க மாட்டாள். வேகம் இல்லை, கவனம் இல்லை, பொறுப்பு இல்லை, வேலைக்கு லாயக்கில்லை என்று ஒவ்வொரு இல்லையையும் அதனதன் இடத்தில் அச்சுக் கோத்ததுபோல வைத்தாள். ஒரு புள்ளி பிசகவில்லை.

மறுபடியும் தாள் மூன்றடி நடந்தது. சக்கரவர்த்தி பென்சிலை வரி வரியாக ஓட்டினார். வட்டம் போட ஓர் இடம் கிடைக்காதா என்று தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

“பாத்தியா? அதட்டினாத்தான் உங்களுக்கெல்லாம் வேல வருது” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தாளை மடித்து உறையில் போடுவது பஞ்சாட்சரத்தின் வேலை. தபால் பையை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியவரும் அவர்தான். டிரைவர் ஹாரன் அடித்து அலுத்துப்போன பிறகுதான் இடத்தை விட்டு எழுந்திருக்கிற மனிதர்.

மடிக்கப் போனவர், உதடு அசைய, எழுத்துக்கூட்டி மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். பத்துப் பிழை என்ற இடத்தில் அவர் முகம் சுண்டிப்போயிற்று. லாயக்கில்லை என்ற இடத்தில் பெருமூச்சு விட்டார். மேலாளரின் கையெழுத்தைத் தாண்டி அடிக்கு வந்ததும் அப்படியே நின்றார். அந்த ஒரு வரியை இன்னொரு தரம் படித்தார்.

தட்டச்சு செய்தவர்: சி. ஜெயசெல்வி.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. பஞ்சாட்சரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.